மேல்மாடிக்குப் போன வெறுந்தட்டு

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, லண்டனில் இளங்கலைப் படிப்பை முடித்ததற்கும் முதுகலையில் சேர்வதற்கும் இடையில் கிடைத்த காலத்தில், வளைகுடா நாடொன்றின் உள்நாட்டு நகரத்தில் ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்தேன். தண்ணீர்க் குழாய்கள் பதிக்கும் திட்டமொன்றில் பொறியியலாளராக அப்பா ஒப்பந்தத்தில் அங்கே போயிருந்தார். அம்மாவுக்கு நீரிழிவு. அப்பா வேலைக்குப் போன பின் அவர் தனியே இருக்க வேண்டியிருக்குமே என்று நானும் உடன் போனேன். நான் சொல்லப்போவது அங்கே ஒரு வெள்ளிக்கிழமை, நண்பகல் தாண்டிய நேரத்தில் நடந்தது.

இதை நான் யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. கேட்க ஆளில்லாமல் இல்லை. லண்டனுக்குத் திரும்பிய புதிதில் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போனால், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே அம்மாவின் சிநேகிதி ஒருவர் தொடங்கிவிடுவார்.

“என்ன பிள்ளை, அங்க பர்தாவெல்லாம் போட்டனீங்களோ?”

“ஓம் அன்ரி.”

“அப்பா கூட வராம வெளிய போக விடமாட்டினமாம், உண்மையோ?”

“போகலாம் அன்ரி. போய் என்ன செய்யிறது எண்டுதான் இருக்கும்.”

“பாத்தியளே! நான் அப்பவே சொன்னனான்” என்று அவர் பின்னால் நிற்பவரிடம் திரும்புவார். “வளந்த பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு வருசம் அடைச்சு வச்சிருக்கினம். பாருங்கோ எப்பிடி மெலிஞ்சு வந்திருக்கு எண்டு.”

அதற்குள் என் தட்டில் சோறு விழுந்திருக்கும். நான் நகர்ந்துவிடுவேன். இரக்கப்படுவதற்கோ கோபப்படுவதற்கோ ஏற்ற கதை ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. என்னிடம் இருந்ததோ களைப்பின் கதை. அதை வரிசையில் நின்றுகொண்டு சொல்ல இயலாது.

அந்த ஊரில் என்னை யாரும் துன்புறுத்தவில்லை. கடைகளில் ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் பெண்களை முன்னுக்கு அனுப்பினார்கள். களைப்பு வேறிடத்திலிருந்து வந்தது. எங்கள் வாசற்கதவின் பின்னால், உடலை முழுதும் மூடும் கறுப்பு மேலங்கிகளான அபாயாக்கள் இரண்டு தொங்கின. குப்பைப் பையைக் கீழே கொண்டுபோய் வைப்பதற்கும் அவற்றில் ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். அளவு பார்க்காமல் அப்பா வாங்கிவந்த என்னுடையது தரையில் இழுபட்டது. ஒவ்வொரு முறை வெளியே போய்வந்த பிறகும் அதன் ஓரத்தைக் கழுவினேன். சாளரக் கண்ணாடிகளில் பால்நிறத் தாள் ஒட்டியிருந்தது. மாடி முகப்பின் சுவர் என் தலையைவிட உயரம். அங்கே நின்றால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிகளும் அவற்றுக்கு மேலே கொஞ்சம் வானமும் தெரியும். லண்டனிலிருந்து வரவழைத்த புத்தகப் பொதியைக் கொண்டுவந்தவர் அதை என் கையில் தர மறுத்து, “பாபா? பாபா?” என்று எனக்குப் பின்னால் தேடினார். வீட்டில் அப்பா இல்லை என்று அறிந்ததும் பொதியோடு படியிறங்கிப் போய்விட்டார். பட்டம் பெற்ற பெண்ணான நான் கதவைச் சாத்திவிட்டு, அழுவதற்குக்கூட ஊக்கமில்லாமல் நின்றேன்.

சந்தைக்கு அப்பா வரும் மாலைகளில்தான் போவோம். தொழுகை நேரத்தில் கடைகளின் இழுகதவு இறங்கிவிடும். உள்ளே அகப்பட்டுக்கொண்டால் பாதி விளக்கில், அரிசி மூட்டைகளுக்கு அருகே மற்றப் பெண்களோடு காத்திருக்க வேண்டும். குழந்தைகள் தள்ளுவண்டிகளில் தூங்குவார்கள். அங்கே எவருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் ஏதோ ஒன்று பிந்திக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

இவற்றில் எதுவும் பெரிய துயரம் கிடையாது. எதைச் செய்தால் தவறாகிவிடும் என்று ஒவ்வொரு சிறு செயலுக்கு முன்பும் எண்ணிப் பார்ப்பதுதான் நாளைத் தின்றது. வெளியே கிளம்பும்போது அம்மா நெற்றிப் பொட்டை அழித்துக்கொள்வார். அழிக்கும்படி ஒருவரும் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற எண்ணமே போதுமாயிருந்தது. அம்மன் படத்தை நடு அறையின் சுவர் அலுமாரிக்குள், துவாய்களை ஒதுக்கிவிட்டு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அலுமாரிக் கதவைத் திறப்பார், மின்கலத்தில் எரியும் சிறு விளக்கொன்றை ஏற்றிக் கும்பிடுவார், மத்தியானம் மூடிவிடுவார். அந்தக் கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் வீட்டுக்கு யாரும் வந்துவிடக் கூடாதே என்று எனக்குப் பதற்றமாக இருக்கும். யாரும் வந்ததில்லை. தட்டு மட்டும் வந்தது.

எங்களுக்கு மேல்மாடியில் அந்நாட்டுக் குடும்பமொன்று இருந்தது. நாங்கள் குடிபோன முதல் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து தெரு மறுபடி உயிர்பெற்ற நேரத்தில், அழைப்புமணி ஒருமுறை சுருக்கமாக ஒலித்தது. கதவைத் திறந்தால் ஒருவரும் இல்லை. வாசலிலிருந்த செருப்புத் தட்டின் மேல், நீல விளிம்பு வைத்த பெரிய எனாமல் தட்டொன்று. சூடான சோறு, அதன்மேல் ஆட்டிறைச்சி, பொரித்த பாதாம், திராட்சை வற்றல். மேலே படியேறும் காலடி ஓசையும் கதவு சாத்தப்படும் ஓசையும் கேட்டன.

“ஐயோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ!” என்றார் அம்மா.

அவர்களுக்கும் அது வாரத்தின் புனித நாள். அதனால் விருந்து சமைத்து அயலாருக்கும் அனுப்புகிறார்கள். எங்களுக்கும் அது புனித நாள். அதனால் இறைச்சியைத் தொடுவதில்லை. அன்று வீட்டிலிருந்த அப்பா தட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“இஞ்சேரும், இதை நாங்கள் சமைக்கேல்லை. வந்ததுதானே. வந்ததுக்கு விரதம் இல்லை.”

“விரதம் சட்டிக்கோ, வாய்க்கோ?” என்று அம்மா கேட்டார். “நாளைக்குச் சாப்பிடுங்கோ. ஒரு நாளில செத்துப்போக மாட்டியள்.”

சோறு எங்கள் பாத்திரத்துக்கு மாறிக் குளிர்பெட்டிக்குள் போயிற்று. அடுத்த சிக்கல் தட்டு. அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அம்மாவுக்கு நினைத்துப் பார்க்கவும் முடியாத செயல். வீட்டில் உழுந்து இருந்தது, வடை சுட்டார். நான் அபாயாவை மாட்டிக்கொண்டு படியேறி, அவர்களுடைய வாசலில் தட்டை வைத்து, மணியை ஒருமுறை அழுத்திவிட்டு இறங்கினேன். மேலே ஆண்கள் இருக்கக்கூடும். கதவு திறக்கும்வரை நிற்பது முறையோ இல்லையோ என்று தெரியாது. அவர்கள் எங்களிடம் நடந்துகொண்ட விதத்தையே நாங்களும் பின்பற்றினோம்.

அந்த ஓராண்டில் இது ஏறக்குறைய எல்லா வெள்ளிக்கிழமையும் நடந்தது. தட்டு நிறைந்து இறங்கும்; மாலைக்குள் நிறைந்து ஏறும். வடை, கேசரி, மோதகம், தட்டை வடை. வியாழன் இரவே உழுந்து ஊறும். வெளியே நிழலே இல்லாத வெயிலில் நகரம் வெந்துகொண்டிருக்க, உள்ளே எண்ணெய்ச் சட்டி முன்னால் அம்மா நிற்பார். முதுகலை விண்ணப்பத்துக்காக எழுதிக்கொண்டிருந்த கட்டுரையைப் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டு நான் படியேறுவேன்.

“அவை உதைச் சாப்பிடினமோ, வீசினமோ ஆருக்குத் தெரியும்? ஏனம்மா இவ்வளவு கஷ்டப்படுறீங்கள்?”

“சாப்பிட்டாலென்ன, வீசினாலென்ன? தட்டு வெறுமனே போகக் கூடாது.”

“அப்ப இது எப்ப முடியும்?”

“ஏன் முடியோணும்?” என்று அம்மா கேட்டார். எனக்கோ அது முடிய வேண்டும் என்று மட்டும் இருந்தது.

மேல்மாடிப் பெண்மணியை இடையில் சில தடவை படியில் கண்டேன். முகத்திரைக்கு மேலே கண்கள் மட்டும் தெரியும். நான் தலையசைப்பேன், அவரும் தலையசைப்பார். அவருக்கு என்ன வயதிருக்கும் என்றுகூட என்னால் ஊகிக்க முடியவில்லை.

நான் சொல்ல வந்த வெள்ளிக்கிழமை அப்பா பாலைவனத்திலிருந்த வேலைத்தளத்தில் இருந்தார். அங்கே பகலில் தொலைபேசி எடுப்பது அரிது. மாலையில் அவரே மேடான இடம் தேடிப் போய் எங்களை அழைப்பார். அம்மா வழக்கம்போலக் காலையில் குளித்தார். வெறும் வயிற்றில் நீரிழிவுக் குளிசைகளைப் போட்டுக்கொண்டு, அலுமாரியைத் திறந்து விளக்கேற்றிக் கும்பிட்டார். விரத நாளில் சாப்பாடு மத்தியானம் ஒரு வேளைதான். ஆனால் குளிசையை விடமாட்டார். சாப்பிடாமல் இருப்பது சாமிக்கு, குளிசை மருத்துவருக்கு. இரண்டு பேரையும் பகைக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு. லண்டனிலும் இப்படித்தான் செய்துவந்தார். எங்களில் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. “தலை பாரமா இருக்கு. கொஞ்சம் படுத்திட்டு எழும்பிச் சாப்பிடுறன்” என்று சொல்லிவிட்டு, நடு அறைக்கு அப்பாலிருந்த தன் அறையில் படுத்துக்கொண்டார். வெயிலால் வந்த அசதி என்று நினைத்தேன். அந்த ஊரில் எல்லா அசதிக்கும் அந்த ஒரே விளக்கம் பொருந்தியது. என் அறைக்குப் போய்க் கட்டுரையைத் திறந்தேன்.

தொழுகை முடிந்த பின் மணி ஒலித்தது. தட்டை எடுத்துவந்து அம்மாவின் அறை வாசலில் நின்று சொன்னேன்.

“அம்மா, தட்டு வந்திட்டுது.”

“ம்... பொறு” என்றார்.

மறுபடியும் கொஞ்ச நேரம் கழித்துப் போனேன். “உழுந்து அரைக்கட்டோ?”

“விடு” என்றார் எரிச்சலாக. பிறகு பொருத்தமில்லாமல், “பஸ் போயிட்டுதோ?” என்றார்.

கனவில் பேசுகிறார் என்று எண்ணினேன். ஊறிய உழுந்தைப் பார்த்தேன். அரைத்து, எண்ணெய் காய வைத்து, வடை தட்டி... நினைக்கும்போதே கைகள் சோர்ந்தன. சோற்றை எங்கள் பாத்திரத்தில் கொட்டினேன். தட்டைக் கழுவித் துடைத்தேன். அபாயாவை மாட்டிக்கொண்டு மேலே போய், வெறுந்தட்டை அவர்கள் வாசலில் வைத்து மணியை அழுத்திவிட்டு இறங்கினேன். எனக்குள் எழுந்தது நிம்மதிதான். இத்தோடு விளங்கிக்கொள்வார்கள்; இனித் தட்டு வராது; இனி வெள்ளிக்கிழமைகள் என்னுடையவை. அப்படி நினைத்தபடி கட்டுரையின் பாதி வாக்கியத்துக்குத் திரும்பினேன்.

வாக்கியம் முடியவில்லை. மணி ஒலித்தது. ஒருமுறை அழுத்திவிட்டு ஓடும் மணியாக அது இல்லை. விரலை எடுக்காமல் அழுத்தியபடி யாரோ நின்றார்கள்.

கதவை ஒரு கீற்றளவு திறந்தேன். வீட்டு உடையில், தலையில் அவசரமாகச் சுற்றிய துணியோடு, செருப்பில்லாமல் ஓர் இளம்பெண் நின்றார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். கையிலிருந்த நீல விளிம்புத் தட்டைப் பார்த்த பிறகுதான் அவர் யாரென்று விளங்கியது. முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“அம்மா?” என்றார். எங்கள் சொல்லையே சொன்னார். நான் வீட்டுக்குள் கூப்பிடுவது இத்தனை மாதங்களாக மேலே கேட்டிருக்க வேண்டும். “அம்மா வேர்?”

“ஸ்லீப்பிங்” என்றேன்.

அவர் தலையை அசைத்தார். அந்த விடையை ஏற்கவில்லை என்பது மொழி தெரியாமலே புரிந்தது. உள்ளே வர ஓரடி எடுத்துவைத்தார். நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் நடு அறையில் அலுமாரி திறந்திருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டாமல் அம்மாவின் அறைக்குப் போக வழியில்லை. இந்தப் பெண்ணுக்கு அதைக் காட்டலாமா கூடாதா என்று நான் நின்ற அந்த நேரம் எவ்வளவு குறுகியதாக இருந்திருந்தாலும், பின்னர் பல நாள்கள் அதை நினைத்துத் திடுக்கிட்டேன். அவர் என் தோளை மெல்ல ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். அலுமாரியைக் கடந்தார். பார்த்தாரா என்று தெரியவில்லை.

அம்மாவின் நெற்றியில் கை வைத்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. குளிரூட்டி ஓடும் அறையில் அம்மா வியர்வையில் நனைந்திருந்தார். அம்மாவைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாமல் அந்தப் பெண் “அம்மா, அம்மா” என்று கன்னத்தைத் தட்டினார். அம்மாவின் கண்கள் பாதி திறந்து எங்கோ பார்த்தன.

“சுக்கர்?” என்று அவர் என்னிடம் கேட்டார். விரலில் ஊசி குத்துவதுபோலக் காட்டினார். “அம்மா சுக்கர்?”

“யெஸ், யெஸ். டயபெட்டிஸ்.”

அவர் சமையலறைக்கு ஓடி அலமாரிகளைத் திறந்து தேனைக் கண்டெடுத்தார். அம்மாவைத் தன் மடியில் பக்கவாட்டாகச் சாய்த்து, விரலால் தேனைத் தொட்டுக் கன்னத்தின் உட்பக்கத்தில் தடவினார். மறுபடி தடவினார். என்னைப் பார்த்து, சீனியைத் தண்ணீரில் கலக்குமாறு சைகை செய்தார். அவசரத்தில் சீனியைத் தரையெல்லாம் கொட்டினேன். அம்மா விழுங்கத் தொடங்கிய பிறகே அந்தத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனார். அதுவும் கரண்டி கரண்டியாக. இடையிடையே தன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். திட்டினாரா வேண்டினாரா என்று இப்போதும் தெரியாது.

பிறகு தொலைபேசியில் கணவரை அழைத்தார். படியில் ஆணின் காலடி கேட்டது. அந்தப் பெண் எழுந்து நடு அறைக்குப் போனதைப் பார்த்தேன். கணவர் வாசலுக்கு வருவதற்கு முன்னால், அலுமாரியின் இரண்டு கதவுகளையும் கை வைத்து, ஓசை எழாமல் மூடினார். விளக்கை அணைக்கவில்லை. மூடிய கதவுகளின் இடுக்கில் அந்த வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்க்காமலே அம்மாவின் அறைக்கு வந்து, வாசற்கதவின் பின்னாலிருந்து எடுத்துவந்த அபாயாவை அம்மாவுக்குப் போர்த்தினார்.

எங்களுக்காக மூடினாரா, தன் கணவருக்காக மூடினாரா, தனக்காகவா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு எங்களுக்குள் மொழி இருக்கவில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அவருடைய கணவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் காரை ஓட்டினார். மருத்துவமனையின் பதிவு மேசையில், கூட வந்த ஆண் உறவினர் யார் என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்கு முன் அவர் முன்னால் போய் நின்று பேசினார். எல்லாக் கதவுகளும் திறந்தன. நன்றி பெருகிய அதே நொடியில் எனக்குச் சினமும் வந்தது. அம்மாவின் மகளாகிய நான் அங்கே போதவில்லை, மேல்மாடிக்காரர் போதுமாயிருந்தார். அந்த இரண்டு உணர்ச்சிகளில் எதையும் நான் இன்றுவரை கைவிடவில்லை.

அம்மாவைப் பார்த்த பெண் மருத்துவர் ஆங்கிலம் பேசினார். இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருந்தது என்றார். வீட்டிலேயே தேன் கொடுத்தது நல்லது. தூங்குகிறார் என்று மாலைவரை விட்டிருந்தால்... அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

மேல்மாடிப் பெண்மணி மீண்டும் முகத்திரைக்குள் போய் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் எப்படி அறிந்து வந்தார் என்று கேட்டுச் சொல்லுமாறு மருத்துவரை வேண்டினேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். மருத்துவர் சிரித்தார்.

“உங்கள் வீட்டிலிருந்து தட்டு ஒருநாளும் வெறுமையாக வந்ததில்லையாம். இன்றைக்குக் கழுவித் துடைத்து வெறுமையாக வந்ததாம். கணவரிடம் சொன்னாராம்: கீழ்வீட்டு அம்மா ஒன்று கோபமாக இருக்கிறார், அல்லது சுகமில்லாமல் இருக்கிறார். கோபம் என்றால் நான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். சுகமில்லை என்றால் போய்ப் பார்க்க வேண்டும். எப்படியும் போகத்தான் வேண்டும் என்று இறங்கி வந்தாராம்.”

அவருடைய தாய்க்கும் இதே நோய் என்றும், நோன்பு மாதங்களில் பார்த்துப் பழக்கம் என்றும் மருத்துவர் சொன்னார். பிறகு, “இன்னொன்றும் கேட்கிறார்” என்றார். “நடுவில் ஓட்டை போட்டு ஒன்று அனுப்புவீர்களாமே, அதை எப்படிச் செய்வது? வீட்டில் அதற்குப் பெரிய சண்டையாம்.”

முகத்திரைக்கு மேலே அந்தக் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு முழுவதும் நான் அழாத அழுகை அப்போதுதான் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்களில் இன்னும் தேன் பிசுபிசுத்தது.

மாலையில் அம்மா தெளிந்து எழுந்தபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கண்களை அகல விரித்தார்.

“நீ வெறுந்தட்டையோ கொண்டுபோய் வச்சனி?”

“அம்மா, நீங்கள் சாகப் பாத்தனீங்கள்.”

“அது சரி. கேசரியாவது கிண்டியிருக்கலாமே பிள்ளை. என்ன நினைச்சிருப்பினம்?”

விரதத்தை விடும்படி மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா வேண்டா வெறுப்பாக விட்டார். அம்மா வெள்ளிக்கிழமைகளில் நோன்பு இருப்பவர் என்பது மருத்துவமனையில் மேல்மாடிப் பெண்மணிக்கும் தெரிந்துவிட்டது. நோன்பு என்றால் சூரியன் மறையும் வேளையில் திறப்பது என்றுதானே அவருக்குத் தெரியும்? அதன்பின் தட்டு மத்தியானம் வரவில்லை; மாலைத் தொழுகை அழைப்பு ஒலிக்கும் நேரத்துக்கு வந்தது. சோற்றின்மேல் பேரீச்சம்பழங்கள் வட்டமாக அடுக்கியிருக்கும். அவற்றின் கீழே வழக்கம்போல ஆட்டிறைச்சி.

“பேரீச்சம்பழத்தை எடுத்திட்டு மற்றதை மூடி வை” என்பார் அம்மா. மத்தியானமே வயிறாரச் சாப்பிட்டுவிட்ட அவர், ஒரு பழத்தை எடுத்து மிகுந்த மரியாதையோடு தின்பார். விரதம் விட்டதை மேலே சொல்லி அனுப்ப எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. நான் உழுந்து அரைக்கக் கற்றுக்கொண்டேன். களைப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அபாயாவின் ஓரம் அப்போதும் தரையில் இழுபட்டது, புத்தகப் பொதிகள் அப்போதும் அப்பாவைத்தான் தேடின. படியேறும்போது மட்டும் என் கால்கள் முன்போலக் கனக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து நாங்கள் கிளம்பியபோது மேல்மாடிக் குடும்பம் ஊரில் இல்லை. அம்மா எவர்சில்வர் டப்பா நிறையத் தட்டை வடை செய்து அவர்கள் வாசலில் வைத்தார். நான் மணியை அழுத்தினேன், உள்ளே ஆளில்லை என்று தெரிந்தும்.

இப்போது ஹவுன்ஸ்லோவில் வசிக்கிறோம். நான் முதுகலை படிக்கிறேன். வேண்டிய நேரத்தில் வெளியே போகிறேன். என் புத்தகப் பொதிகள் என் கைக்கே வருகின்றன. பக்கத்து வீட்டில் தனியே வாழும் வயதான போலந்துப் பெண்மணிக்கு அம்மா அடிக்கடி ஏதாவது அனுப்புவார். மறுநாள் டப்பா எங்கள் வாசலில் இருக்கும். பளபளவென்று கழுவி, வெறுமையாக.

ஒவ்வொரு முறையும் அம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார்.

“வெறும் டப்பா. அந்த மனிசிக்கு ஏதும் சுகமில்லையோ தெரியேல்லை.”

“அம்மா, இஞ்ச அப்பிடித்தான். கழுவித் தாறதே பெரிய மரியாதை.”

“எனக்குத் தெரியும். எண்டாலும் ஒருக்கால் எட்டிப் பாத்திட்டு வா.”

முதலில் சலித்துக்கொண்டேன். இப்போது ஒன்றும் சொல்லாமல் கதவின் பின்னால் தொங்கும் கோட்டை மாட்டிக்கொண்டு போகிறேன். அந்த வீட்டு மணியை அழுத்துவேன். கதவைத் திறப்பவரிடம் கேட்பதற்கு எனக்கு ஒரே கேள்விதான் உண்டு: நாளைக்குக் கவுன்சில்காரர் எடுப்பது குப்பைத் தொட்டியா, மறுசுழற்சித் தொட்டியா? எப்போதும் இதையே கேட்கும் இந்தப் பெண்ணுக்கு நினைவாற்றலில் ஏதோ குறை என்று அவர் கருதியிருக்கக்கூடும். பொறுமையாகச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

ஆனால் மணியை அழுத்திவிட்டு நான் திரும்பி இறங்குவதில்லை. கதவுக்கு அப்பால் காலடி ஓசை எழும்வரை நின்று கேட்கிறேன், அந்த ஊரில் எனக்கு மேலே ஒருவர் அத்தனை நாளும் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை அறிந்தவளாக.